உடல்நூற் பேரறிஞர் கிளாட் பெர்னார்

புளியங்காயைக் கண்டமாத்திரத்தில் நம் வாய் ஊறுகின்றது. பசித்தவன் முன் சோறு படைக்கப்படுமுன்னரே அவன் நாவின்கீழ் நீர் சுரந்து நிற்கின்றது. தாடையின்கீழும் நாவின்கீழும் செவியின் முன்னும் அமைந்துள்ள சுரப்பிகளே இவ்வுமிழ்நீரைத் தருகின்றன என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால் அச்சுரப்பிகளுக்கு இரத்தத்தினின்றன்றி வேறெங்கிருந்து நீர் கிடைக்கும்? வாய் ஊறுங்கால் அச்சிறு உறுப்பிற்கு இரத்தம் மிகுதியாகப் பாய்தல் வேண்டும். ஊறல் நின்றதும் அப்பாய்ச்சல் தணிதல் வேண்டும். உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்தும் இருதயம் ஒன்றேயாயிருக்க, ஓர் உறுப்பிற்கு மட்டும் வேண்டியபோது மடையைத் திறந்தும் வேண்டாதபோது அடைத்தும் விடுவது யாது? இவ்வினாவிற்கு முதன்முதலிற் கண்கூடான விடையளித்தவர் பிரான்ஸ் தேசத்து அறிஞராகிய கிளாட் பெர்னார் என்பவர்.

ஈரலிற் சர்க்கரை உண்டாவதைக் கண்டறிந்தவரென்று இவரை மருத்துவ மாணவர் அறிவர். பரிசோதனை மருத்துவத்தைப் பற்றி இவர் இயற்றிய நூலைத் தத்துவ மாணவரும் போற்றுவர். எனினும், இவருடைய முயற்சியும் பிழையும் வெற்றியும் இழப்பும் ஒருங்கே விளங்குவது, இவர் இளமையிற் கைக்கொண்டு விட்டுப் பதினைந்தாண்டு கழித்து மீண்டுங் கைக்கொண்ட ஒரு மெல்லிய நரம்பின் வரலாற்றிலேயாம். அவ்வழியே இவர் சரிதத்தை ஈண்டுச் சுருக்கியுரைப்போம்.

பெர்னார் 1813ஆம் ஆண்டு ஜூலை மாதம் 12ஆம் நாள், போஜொலே நாட்டில், வில்பிரான்ஷ் நகருக்கு அணித்தாகிய ஸான் ஜூலியன் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தனர். பெற்றோர் திராட்சை பயிரிடும் எளிய குடியினர். ஊர்க் குருவானவர் இவருக்கு இலத்தீன் மொழியைக் கற்பித்தனர். பின்பு வில்பிரான்ஷ் நகரில் இயேசு சபையார் நடத்திய பள்ளியிற் பயின்றனர். பள்ளியில் இவர் சிறந்த மாணாக்கரென்று பெயர் பெற்றவரல்லர். புகழின் உச்சியை அடைந்த பின்னரும் இவர் தம் பிறந்தவூரை மறந்ததில்லை. ஆண்டுதோறும் திராட்சைக் குலைகளைக் கொய்யுங் காலத்தில் அங்குச் சென்று தங்குவது இவருடைய மாறாத வழக்கமாயிருந்தது.

குடும்பத்தின் வறுமையால் மேற்படிப்பு இடையில் நின்றது. பத்தொன்பதாம் வயதளவில், லியான் நகரையடுத்த வேஸ் என்னுமிடத்தில் ஒரு மருந்துக் கடையில் இவர் வேலை பயிலச் சேர்ந்தனர். புட்டிகளைக் கழுவுவதும் சூரணங்களைக் கட்டி மடிப்பதும் அங்கு இவர்தம் தொழில். அக்கடையிற் பல சரக்குகள் கலந்த தேரியகம் என்னும் ஒரு பழைய மருந்து விற்பனையாயிற்று. கெட்டுப்போன சரக்குகளும் மிஞ்சிய சரக்குகளும் எறியப்படாமல் அம்மருந்திற் சேர்க்கப்பட்டதையும், அதனை உண்டவர் குணமாயிற்று என்று நம்பியதையும் இவ்விளைஞர் கண்ணாரக் கண்டனர். காணாததை நம்பாத இவர் இயல்பிற்கு வித்து அங்கேயே ஊன்றப்பட்டது போலும்.

அக்காலத்தில் இவர் உள்ளம் மருந்தில் இல்லை, நாடகத்தில் இருந்தது. இவர் எழுதிய சிறு நகை நாடகம் ஒன்று லியான் நகர அரங்கில் நடிக்கப்பெற்றுச் சிறிது பொருளும் ஈட்டித் தந்தது. அதனால் ஊக்கமுற்று, ஐந்து அங்கங்கள் கொண்ட ஒரு சரித்திர நாடகத்தை எழுதி எடுத்துக்கொண்டு 1834இல் பாரிஸ் மாநகரை அடைந்தனர். அங்கு ஸான் மார்க் ஜிரார்தான் என்னும் பேராசிரியர் அந்நாடகத்தைப் படித்தனர். கவிதையாற் பிழைத்தல் அரிதென்றும், மருந்துக் கடையில் முன்னரே பயின்றிருப்பதால் மருத்துவங் கற்றலே தக்கதென்றும் அவர் அறிவுரை கூறினர். ஓர் இளைஞனின் கனவைக் கலைத்த அவ்வுரையால் உலகம் ஒரு சிறு நாடகாசிரியரை இழந்து ஒரு பெருஞ் சாஸ்திரியைப் பெற்றது.

மருத்துவக் கலாசாலையிலும் இவர் மேம்பட்டு விளங்கினாரல்லர். 1839இல் மருத்துவமனையில் உள்ளுறை மாணவராதற்குரிய தேர்வில், தேறிய 29 பேரில் இவர் 26ஆவது நின்றனர். ஆயினும் இவருடைய நல்லூழ், காலேஜ் த பிரான்ஸ் என்னும் புகழ்பெற்ற கழகத்தில் உடல்நூற் பேராசிரியராயிருந்த மாஜான்டி என்பாரின் கண்களில் இவர் கைத்திறன் பட்டது. உடலைத் திறந்து நுண்ணிய நரம்பையும் நாளத்தையும் பிரித்தெடுப்பதில் இவருக்கு நிகரானவர் அரியர் என்பதை அறிந்த மாஜான்டி, 1841இல் இவரைத் தம் உதவியாளராக்கிக் கொண்டனர்.

பெர்னார் தம் முதற் கட்டுரையை 1843இல் வெளியிட்டனர். அதன் பொருள் கார்டா டிம்பனை என்னும் நரம்பு. செவிப்பறையின் நாண் என்பது அப்பெயரின் கருத்து. முகத்திற்குச் செல்லும் நரம்பினின்று கிளைத்து, நடுச்செவியிற் செவிப்பறையை ஒட்டி நாண்போற் குறுக்கே ஓடி, நாவிற்குச் செல்லும் நரம்போடு கலந்துவிடுகின்றது இம்மெல்லிய இழை. முகவாதங் கண்டவர்க்குச் சுவையுணர்ச்சி மாறுபடுவதை மருத்துவர் கண்டிருந்தனர். ஆதலால் பெர்னாரும் நாவின் சுவையைக் குறித்தே அந்நரம்பை ஆராய்ந்தனர். அதே நரம்பின் ஒரு பங்கு தாடையின் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சென்று அங்கு இரத்தப் பாய்ச்சலை ஆளுகின்றது என்னும் பெரிய செய்தி அன்று இவருக்குப் புலப்படவில்லை. கையிலிருந்த திறவுகோல் எக்கதவிற்கு உரியதென்று அறியாமலே அதனை வைத்துவிட்டனர்.

அவ்வாண்டிலேயே மருத்துவப் பட்டமும் பெற்றனர். ஆனால் அடுத்த ஆண்டு ஆசிரியப் பதவிக்கான போட்டித் தேர்வில் தோற்றனர். கையிற் பொருளின்றி, ஊருக்குத் திரும்பி நாட்டு வைத்தியராய் வாழ்வோமோ என்று கலங்கினர். நண்பர் பலர் முயற்சியால் 1845இல் பாரிஸ் மருத்துவர் ஒருவரின் மகளை மணந்தனர். அம்மாதரார் கொணர்ந்த சீதனத்தாலேயே இவர் ஆராய்ச்சி தொடர்ந்தது. பின்னாளில் அவ்வில்லறம் எவ்வாறு முடிந்ததென்பதைக் கீழே காண்போம்.

அக்காலத்து நிகழ்ச்சியொன்றைப் பெர்னாரே கூறியுள்ளனர். பெர்லின் நகரத்து இரணவைத்தியர் ஒருவர் இரைப்பைச் சாறு எடுக்கும் முறையைக் காண விரும்பவே, பெர்னார் ஒரு நாயின் வயிற்றில் வெள்ளிக் குழலொன்றைப் பொருத்திக் காட்டினர். அந்நாய் இரவில் தப்பியோடிற்று. சில நாட்கள் கழித்து அவ்வட்டாரப் போலீஸ் அதிகாரி இவரை அழைத்துவரச் செய்தனர். நாய் அவ்வதிகாரிக்கே உரியது. வயிற்றிற் குழலோடு வீடு வந்து சேர்ந்திருந்தது! பெர்னார் உண்மையை ஒளியாது கூறி மன்னிப்பு வேண்ட, அவ்வதிகாரி சினந்தணிந்து பிற்காலத்தில் இவருக்குத் துணைவராகவே மாறினர். இதனைக் கேட்டு நாம் நகைக்கலாம். ஆயின் நாயின் நோவை நினைப்பார்க்கு நகை வாராது.

இவ்வாறு தொடங்கியவர் சில ஆண்டுகளில் உலகப் புகழ் பெற்றனர். கணையநீர் கொழுப்பைச் செரிப்பிப்பதையும், ஈரல் தானே சர்க்கரையை உண்டாக்கி இரத்தத்தில் விடுவதையும் நிறுவினர். தென்னமெரிக்க வேடர் அம்பிற் பூசும் கியுராரே என்னும் நஞ்சை ஆராய்ந்து, அது நரம்பையும் அழிக்காமல் தசையையும் அழிக்காமல் அவையிரண்டும் கூடுமிடத்தில் மட்டும் தடை செய்கின்றதென்று காட்டினர். நரம்பிற்கும் அது ஏவும் உறுப்பிற்கும் இடையே ஏதோ ஒன்று நிகழ்கின்றது என்பதற்கு இதுவே முதற் குறிப்பாகும்.

இனி இரத்தப் பாய்ச்சலுக்கு வருவோம். உடலின் வெப்பத்தை நரம்புகள் உண்டாக்குகின்றன என்பது அக்காலத்துக் கொள்கை. அதனை நம்பிய பெர்னார், கழுத்திலுள்ள பரிவு நரம்பை அறுத்தால் அப்பக்கத்துச் செவி குளிர்ந்துபோகுமென்று எதிர்பார்த்து, 1851இல் ஒரு முயலின்பாற் சோதித்தனர். செவி குளிரவில்லை, சிவந்து வெம்மையுற்றது! தம் எதிர்பார்ப்பு பொய்த்ததைக் கண்டு இவர் முகஞ்சுளிக்கவில்லை. கண்டதைக் கண்டவாறே வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் அமெரிக்காவிலிருந்த பிரௌன் ஸெகார் என்னும் அறிஞரும், பின்னர்ப் பெர்னாரும், அறுத்த நரம்பை மின்சாரத்தால் தூண்டியபோது செவியின் குழாய்கள் சுருங்கி வெளுப்பதைக் கண்டனர். ஆகவே, இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்யும் நரம்பு உண்டு என்பது தெளிவாயிற்று. மடையை அடைப்பது தெரிந்தது, திறப்பது தெரியவில்லை. அடைப்பதை விட்டாற் போதுமோ, திறப்பதற்கென்று வேறு நரம்பு உண்டோ என்பதே எஞ்சி நின்ற வினா.

அவ்வினாவிற்கு விடை 1858இல் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து கிடைத்தது. அதற்குச் சில ஆண்டுகட்கு முன்னரே ஜெர்மானியராகிய கார்ல் லுத்விக், சுரப்பிக்குச் செல்லும் நரம்பைத் தூண்டினால் உமிழ்நீர் பெருகுவதையும், அவ்வாறு பெருகும் நீரின் அழுத்தம் தமனியிலுள்ள இரத்தத்தின் அழுத்தத்தினும் மிகக்கூடும் என்பதையும் காட்டியிருந்தனர். எனவே உமிழ்நீர் இரத்தத்திலிருந்து வெறுமனே வடியும் நீரன்று. சுரப்பியே உழைத்து ஆக்குவது. பெர்னாரோ நீரைவிட்டு இரத்தத்தை நோக்கினர். நாயின் தாடைச் சுரப்பியினின்று வெளிவரும் சிரையைத் திறந்து பார்த்தனர். சுரப்பி ஓய்ந்திருந்தபோது சிரையிரத்தம் வழக்கம்போற் கறுத்து மெல்லக் கசிந்தது. நாவில் சிறிது காடி விட்டதும் உமிழ்நீர் ஊறிற்று; அதனுடன் சிரையிரத்தமும் தமனியிரத்தம்போற் செக்கச்செவேலெனச் சிவந்து விரைந்தது. தசையானது உழைக்குங்காற் சிரையிரத்தம் கறுக்கும். இங்கோ உழைக்கும் உறுப்பிலிருந்து சிவந்த இரத்தம் வந்தது!

இப்பொழுது பெர்னார் தம் பழைய நரம்பிடம் திரும்பினர். செவிப்பறையின் நாணை அறுத்தபின் காடி விட்டும் இரத்தம் சிவக்கவில்லை. அறுந்த நுனியில் சுரப்பியின் பக்கத்துப் பகுதியைத் தூண்டியதும் குழாய்கள் விரிந்தன; இரத்தம் சிவந்து பெருகிற்று; தமனியில் மட்டுமே காணும் நாடித்துடிப்பு சிரையிலுந் தோன்றிற்று. பரிவு நரம்பைத் தூண்டியபோதோ குழாய்கள் சுருங்கின. இரத்தம் கறுத்துத் துளித்துளியாயிற்று. ஒரே சுரப்பிக்கு இரு நரம்புகள். ஒன்று மடையைத் திறப்பது, மற்றொன்று அடைப்பது. இருதயம் எல்லா உறுப்புகட்கும் பொதுவாக உழைக்க, ஒவ்வோர் உறுப்பும் தன் தேவைக்கேற்பத் தன் பங்கைப் பெற்றுக்கொள்கின்றது என்னும் உண்மை அன்று கண்ணெதிரே நின்றது. உடலின் உயிரணுக்கள் வெளியுலகில் வாழ்வனவல்ல, இரத்தமுதலிய நீர்களாலாகிய அகச்சூழலில் வாழ்வன என்றும், அச்சூழல் நிலைதிரியாதிருத்தலே உயிரின் சுதந்திரத்திற்கு அடிப்படை என்றும் இவர் பிற்காலத்திற் போதித்த பெருங்கொள்கைக்கு இத்தகைய ஆராய்ச்சிகளே ஆதாரமாயின.

இவ்வெற்றிகளுக்கு ஈடாக இவர் கொடுத்தவை பல. காலேஜ் த பிரான்ஸில் இவர்தம் ஆராய்ச்சிக்கூடம் ஈரமும் இருளும் நிறைந்த கீழறை. அங்கு நெடுங்காலம் உழைத்ததால் உடல் நலிந்தது. இல்லறமோ அதனினும் நலிந்தது. உயிருள்ள விலங்குகளை அறுத்தாராய்வதை இவர் மனைவியார் ஒருநாளும் பொறுத்தாரல்லர். புதல்வியர் இருவரும் தாயின் பக்கமே நின்றனர். இரு புதல்வர்கள் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஒன்றாய் வாழ்ந்த பின்னர்த் தம்பதிகள் பிரிந்தனர். மயக்க மருந்துகள் 1846ஆம் ஆண்டிற்குப் பின்னரே வழக்கிற்கு வந்தன. பெர்னாரும் அவற்றை ஆராய்ந்து போதித்தவரே. ஆயினும் இவர் கூடத்தில் விலங்குகள் பட்ட துன்பம் சிறிதன்று. மாந்தர் நோய் தீர இத்துன்பம் இன்றியமையாததென்பது இவர் கருத்து. வாயில்லாப் பிராணியின் வேதனைமேற் கட்டிய அறிவு வேண்டா என்பது மனைவியார் கருத்து. இருவரையும் இழிவாகப் பேச நமக்கு உரிமையில்லை. 1876இல் இங்கிலாந்து இத்தகைய ஆராய்ச்சிகளைச் சட்டத்தால் வரையறுத்தது; பிற்காலத்தில் நாடுகள் பலவும் அவ்வழிச் சென்றன. அவ்வகையில் அம்மாதராரின் குரலும் வீணாயிற்றென்று சொல்லற்கில்லை.

நோயால் ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு ஸான் ஜூலியனில் தங்கியிருந்த நாட்கள் இவரைச் சிந்தனையில் ஆழ்த்தின. அதன் பயனாகப் பரிசோதனை மருத்துவத்திற்கு முகவுரையாய் அமைந்த நூல் 1865இல் வெளிவந்தது. கொள்கையைக் காப்பதற்காகச் சோதனை செய்யலாகாது, கொள்கையைச் சோதிப்பதற்காகவே சோதனை செய்யவேண்டும் என்பது அந்நூலின் சாரம். அடுத்த ஆண்டில் லூயி பாஸ்டர், நோயுற்ற நண்பரின் மனந்தேறும்பொருட்டு அவருடைய ஆராய்ச்சிகளைப் பாராட்டிப் பத்திரிகையிற் கட்டுரையொன்று வெளியிட்டனர். பின்பு பட்டங்களும் பதவிகளும் வந்து குவிந்தன. 1868இல் பிரெஞ்சு அக்காதெமி இவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது. 1869இல் மூன்றாம் நெப்போலியன் இவரைச் செனட் சபையில் அமர்த்தினர். 1878ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் பாரிஸ் நகரில் இவர் உயிர் நீத்தனர். சாஸ்திரி ஒருவருக்கு அரசாங்கச் செலவில் இறுதிச் சடங்கு நடத்திய பெருமையைப் பிரான்ஸ் தேசம் அன்றுதான் முதன்முதலாகப் பெற்றது. காலேஜ் த பிரான்ஸில் இவர் வீற்றிருந்த ஆசனத்தில், முன்னாட் போட்டியாளராகிய பிரௌன் ஸெகாரே அமர்ந்தனர்.

பெர்னார் இறந்தபோதும் அவர்தம் வினா முடிந்திலது. நரம்பு மடையைத் திறக்கின்றதென்றால் எதைக் கொண்டு திறக்கின்றது? 1872இலேயே ஹைடன்ஹைன் என்னும் ஜெர்மானியர் ஒரு விந்தையைக் கண்டிருந்தனர். அட்ரோபின் என்னும் மருந்தைச் செலுத்திவிட்டு அதே நரம்பைத் தூண்டினால் உமிழ்நீர் சிறிதும் சுரப்பதில்லை. ஆனால் இரத்தப் பாய்ச்சல் மட்டும் முன்போற் பெருகுகின்றது. ஒரே நரம்பின் இரு செயல்களில் ஒன்று தடைப்படவும் மற்றொன்று தடைப்படாதிருப்பது எவ்வாறு? நூறாண்டிற்குமேல் இப்புதிர் அவிழாதிருந்தது.

நரம்பின் முனையினின்று இரசாயனப் பொருளொன்று வெளிப்பட்டே உறுப்பை ஏவுகின்றது என்பதை 1921இல் ஆட்டோ லோவி தவளையின் இருதயத்தில் நிறுவினர். ஹென்றி டேல் முன்னரே ஆராய்ந்திருந்த அஸிட்டைல்கோலின் என்பதே அப்பொருளென்று பின்னர் விளங்கிற்று. இவ்விருவரும் 1936இல் நோபெல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர். பரிவு நரம்பு குழாய்களைச் சுருக்கப் பயன்படுத்துவது நாரட்ரினலின் என்பதை 1946இல் ஸ்வீடன் தேசத்து வான் ஆய்லர் கண்டனர். 1955ஐ அடுத்த ஆண்டுகளில் ஹில்டன், லூயிஸ் என்போர், உழைக்கும் சுரப்பியணுக்களினின்று வெளிப்படும் ஒரு நொதி இரத்தத்தில் பிராடிகைனின் என்பதை உண்டாக்கிக் குழாய்களை விரிக்கின்றதென்று வாதித்தனர். அவ்வாதம் பல்லாண்டு நடந்தது. 1970இல் ஸையத், முட் என்னும் இருவர் பன்றியின் குடலினின்று, குழாய்களை விரிக்கும் வீ.ஐ.பி. என்னும் ஒரு பெப்டைடைப் பிரித்தெடுத்தனர். 1980இல் லண்ட்பெர்க் முதலியோர், பூனையின் தாடைச் சுரப்பிக்குச் செல்லும் அதே நரம்பணுக்களில் அஸிட்டைல்கோலினும் இப்பெப்டைடும் ஒருங்கே இருப்பதைக் கண்டனர். முன்னது சுரப்பியை நீர் சுரக்கச் செய்து குழாயையும் விரிக்கின்றது. பின்னது குழாயை விரிப்பதிலேயே வல்லது. அட்ரோபின் முன்னதன் வாயிலை மட்டுமே அடைக்கின்றது. ஹைடன்ஹைனின் புதிர் இவ்வாறு அவிழ்ந்தது. குழாயின் உட்சுவரணுக்கள் தாமே ஒரு பொருளை விட்டுக் குழாயைத் தளர்த்துகின்றன என்று அதே 1980இல் பர்ச்காட் காட்டினர். அப்பொருள் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் எளிய வாயு என்பது பின்னர்த் தெளிந்தது; உமிழ்நீர்ச் சுரப்பியின் இரத்தப் பாய்ச்சலிலும் அதற்குப் பங்குண்டு என்று மேலும் நடந்த ஆராய்ச்சிகள் காட்டின. நரம்பு நேரே மடையைத் திறப்பதன்று. ஒன்றுக்கு மேற்பட்ட இரசாயனத் தூதர்களை விடுத்தே திறக்கின்றது.

பெர்னார் இவற்றுள் ஒன்றையும் அறியார். ஆயினும் சிவந்த இரத்தத்தை அவர் அன்று காணாதிருந்தால், இத்தூதர்களை எங்குத் தேடுவதென்று பின்வந்தோர்க்குத் தெரிந்திராது. பள்ளியிற் பின்தங்கியவர், நாடகத்தில் தோற்றவர், தேர்வில் வீழ்ந்தவர், தம் முதலாராய்ச்சியிற் பாதியை மட்டுமே கண்டவர் என்று இவரைக் கூறலாம். ஆனால் கண்டது தம் கொள்கைக்கு மாறாயிருந்தபோது கொள்கையைக் கைவிட்டார். பழைய நரம்பிடம் திரும்பிச் சென்று மீண்டும் நோக்குவதற்கு நாணவில்லை. நம் கலாசாலையிற் பயிலும் இளைஞர் இவ்விரண்டையும் இவரிடம் கற்பாராக. அதனோடு, அறிவு தேடுகையில் பிறவுயிர் படும் துன்பத்தையும் தம் இல்லத்தார் படும் துன்பத்தையும் மறவாதிருக்க வேண்டுமென்பதனை, இவர் வென்ற இடங்களிலன்றி இவர் இழந்த இடங்களிலிருந்து கற்பாராக.